பெயர் எவருடையதோ, நிலம் அவருடையது!

"பெயர் எம்மொழியில் இருந்தால்தான் என்ன? அழைப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும், அவ்வளவே!" என்று பேசுவோர் தமிழகத்தில் என்றும் குறைந்ததில்லை. குழந்தைக்குத் தமிழ்ப்பெயர் இடுக என்றால் இவ்வாறு பேசுவர்; கடைப்பெயரைத் தமிழில் எழுதுக என்றாலும், ஊர்ப்பெயரைத் தமிழாக்குக என்றாலும் இவ்வாறே பேசுவர். பரந்த மனப்பான்மைபோல் தோன்றும் இப்பேச்சு, உண்மையில் வரலாறு அறியாதார் பேச்சே ஆகும். இவர்கள் வாயாரப் புகழும் அமெரிக்க நாட்டையே எடுத்துக்கொள்க. அந்நாட்டு மாநிலங்களின் பெயர்கள் எம்மொழியில், எவரால், எதற்காக இடப்பட்டன என்று ஆராய்ந்தால், பெயர் என்பது வெறும் அடையாளமா, உரிமைப் பட்டயமா என்பது தெற்றெனப் புலப்படும்.

அமெரிக்க ஒன்றியத்தில் மாநிலங்கள் 50. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, அந்நிலத்துத் தொல்குடி மக்களின் மொழிகளிலிருந்து பிறந்த பெயர்களைத் தாங்கியுள்ளன. எஞ்சியவற்றுள் மிகப் பல, ஆங்கிலம், இலத்தீனம், பிரெஞ்சு, இசுபானியம் ஆகிய ஐரோப்பிய மொழிகளின் வழி வந்தவை. இவ்விரு வகையும் இருவேறு பாடங்களைக் கற்பிக்கின்றன. முதற்பாடம் பலர்க்கு ஓரளவு தெரியும். இரண்டாம் பாடமே தமிழர் நெஞ்சில் ஆழப் பதிக்க வேண்டியது.

கண்ணாற் காணாத அரசர்க்குக் காணி

கி.பி. 1584ஆம் ஆண்டில் வால்டர் இராலே அனுப்பிய கப்பல்கள் வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையை அடைந்தன. அந்நிலத்திற்கு 'வர்சீனியா' எனப் பெயரிட்டனர். அக்காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத்து, மணஞ்செய்யாது வாழ்ந்த அரசி. 'கன்னி' எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லின் அடியாக, அவளைச் சிறப்பிக்க எழுந்ததே அப்பெயர். ஆங்கிலேயர் குடியேறியபோது அந்நிலம் பெயரற்றுக் கிடந்ததா? இல்லை. அங்கு வாழ்ந்த பவுகத்தான் மக்கள் தம் நாட்டைச் 'செனாகொம்மாகா' என்று வழங்கினர். பெயர் இருந்தது; பெயரிட்ட மக்கள் இருந்தனர்; ஊரும் உழவும் தலைமையும் இருந்தன. ஆயினும் வந்தவன் தன் அரசிக்கு ஒரு கையுறை வேண்டினான். பிறர் நிலத்தை எடுத்து அதன்மேல் அவள் பெயரைப் பொறித்தான்.

1632ஆம் ஆண்டில் முதலாம் சார்லசு வழங்கிய பட்டயத்தால் எழுந்தது மேரிலாந்து. அது அவன் மனைவி என்றியெத்தா மரியாவின் பெயர். 1663ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லசு தனக்குத் துணைநின்ற பெருமக்கள் எண்மர்க்குக் கடல்போல் விரிந்த ஒரு நிலப்பரப்பை எழுதிக் கொடுத்தான். சார்லசு என்பதன் இலத்தீன வடிவம் 'கரோலசு'. தந்தை காலத்திலேயே முளைவிட்டிருந்த அப்பெயர், மகன் காலத்தில் 'கரோலினா' என நிலைபெற்றது. இன்று அது வடகரோலினா, தென்கரோலினா என இரு மாநிலங்களாக நிற்கின்றது. 1682ஆம் ஆண்டில் இலா சால் என்னும் பிரெஞ்சுக்காரன் மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தில் நின்றுகொண்டு, அவ்வாறும் அதன் கிளையாறுகளும் பாயும் நிலம் அனைத்தும் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயிக்கு உரியன என அறிவித்தான்; 'லூயிசியானா' எனப் பெயரும் சூட்டினான். அந்நிலத்தை 1803ஆம் ஆண்டில் நெப்போலியன் அமெரிக்க அரசுக்கு 1 கோடியே 50 இலக்கம் டாலருக்கு விற்றான். பெயரிட்டவன் உரிமை கொண்டாடினான், உரிமை கொண்டாடியவன் விற்றான், விலை பெற்றுக்கொண்டான். அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்தவனை எவனும் ஒரு சொல் கேட்டானில்லை.

எலிசபெத்து, என்றியெத்தா மரியா, இரு சார்லசுகள், பதினான்காம் லூயி: இவருள் ஒருவரேனும் தம் பெயர் சுமந்த நிலத்தில் ஒரு நாளேனும் காலடி வைத்தாரில்லை. மிதியாத நிலத்திற்கு இவர்கள் உரியராயினர். மிதித்தும் உழுதும் விதைத்தும் வாழ்ந்தவர் அயலாராயினர். இதனைச் செய்து முடித்த முதற்கருவி துமுக்கி அன்று, பெயரே ஆகும். துமுக்கி பின்னர் வந்தது.

பென்சில்வேனியாவின் வரலாறு இன்னும் வெளிப்படையானது. ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பென் என்பானுக்கு இங்கிலாந்து அரசன் 16,000 பவுன் கடன்பட்டிருந்தான். அக்கடனுக்கு ஈடாக 1681ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லசு, அப்படைத்தலைவனின் மகன் வில்லியம் பென்னுக்கு ஒரு பெருங்காட்டு நிலத்தை எழுதிக் கொடுத்தான். இலத்தீனத்தில் 'சில்வா' என்றால் காடு. எனவே அது 'பென்னின் காடு' ஆயிற்று. வில்லியம் பென் தன் குடிப்பெயர் அதில் வேண்டா என மறுத்தும், மறைந்த தந்தைக்குச் சிறப்பாக அரசன் அதனைச் சேர்த்தான் என்பது வரலாறு. இலண்டனில் பட்ட கடன். அதனைத் தீர்த்ததோ கடல்கடந்த இலெனாப்பே மக்களின் காடு. கடன்பட்டவன் ஒருவன், கடன் கொடுத்தவன் ஒருவன், நிலம் இழந்தவன் மூன்றாமவன்!

செத்த மொழிக்கு வந்த செல்வாக்கு

இப்பெயர்களில் ஒரு நுட்பத்தைக் கருதுக. வர்சீனியா, கரோலினா, பென்சில்வேனியா, லூயிசியானா என்பவற்றில் தலைகாட்டும் இலத்தீனம், அக்காலத்தில் எந்நாட்டுத் தாயும் தன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிய மொழி அன்று. பேச்சு வழக்கொழிந்து, ஏட்டிலும் திருக்கோயிலிலும் பட்டயத்திலும் மட்டும் நின்ற மொழி. ஆயினும் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் தாம் கைப்பற்றிய நிலத்திற்குப் பெயரிடும்போது அம்மொழியை நாடினர். கரணியம் யாது? தன் வீட்டு மொழியிற் பெயரிட்டால் அது வழிப்பறி போல் தோன்றும். பொதுமக்கட்கு விளங்காத ஒரு பழம்பெருமை மொழியிற் பெயரிட்டால் அது வழிபாடு போல் தோன்றும்!

இவ்வித்தை தமிழர்க்குப் புதிதன்று. மறைக்காடு வேதாரணியம் ஆனதும், முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் இவ்வழியில்தான். தமிழ்ப்பெயரின் பொருள் அப்படியே வடமொழியில் பெயர்க்கப்பட்டது. பின்னர் வடமொழிப் பெயரே முதற்பெயர் என்றும், அதுவே தூய்மையானது என்றும் கதை கட்டப்பட்டது. மாயூரம் என்று எழுதப்பட்டு வந்த ஊர் 1982ஆம் ஆண்டில் மீண்டும் மயிலாடுதுறை எனத் தன் பெயரைப் பெற்றது. வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என மாற்றிக்கொண்டு தனித்தமிழ் நெறியை 1916ஆம் ஆண்டில் தொடங்கிய மறைமலையடிகள், பெயரின் ஆற்றலை நன்குணர்ந்தவர் ஆவார். அவரை நகையாடியவர் அன்றும் இருந்தனர். நகையாடியவர் பெயர்கள் மறைந்தன. அவர் பெயர் நின்றது.

ஆள் மாறினால் பெயர் மாறும்

பெயர் வெறும் அடையாளமே எனின், நிலம் கைமாறுந்தோறும் பெயரும் மாறுவது ஏன்? நியூயார்க்கின் வரலாற்றைக் காண்க. இலெனாப்பே மக்கள் வாழ்ந்த மன்காட்டன் தீவில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி 'நியூ ஆம்சுடர்டாம்' என்றனர். 1664ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். அரசனின் தம்பி யார்க்குக் கோமகன். ஆகவே அது 'நியூயார்க்கு' ஆயிற்று. 1673ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் திரும்பவும் பிடித்தனர். உடனே தம் இளவரசன் குடிப்பெயரால் 'நியூ ஆரஞ்சு' என்றனர். அடுத்த ஆண்டே அது ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. பெயரும் நியூயார்க்கு என மீண்டது. பத்தாண்டுக்குள் மும்முறை பெயர்மாற்றம்! கோட்டையைப் பிடித்தவன் கொடியை மாற்றிய கையோடு பெயரையும் மாற்றினான். இரு கொள்ளையர் ஒரு பொருளுக்கு அடித்துக்கொண்டபோது, பொருளுக்கு உடையவன் அருகில் நின்று பார்த்திருந்தான். அவன் இட்ட பெயர் மன்காட்டன் தீவோடு சுருங்கிப்போயிற்று.

"அது பழங்கதை, இக்காலத்தார் பெயரைப் பொருட்படுத்துவதில்லை" என்பாரும் உளர். அவர்க்கு அலாசுக்காவின் மலையொன்றே விடை கூறும். வட அமெரிக்காவின் உச்சிமலை அது. அதனை அந்நிலத்துக் கோயுக்கன் மக்கள் 'உயர்ந்தது' என்னும் பொருளில் 'தெனாலி' என வழங்கினர். 1896ஆம் ஆண்டில் பொன் தேடி வந்த ஒருவன் அதற்கு மெக்கின்லி என்னும் அரசியலாளர் பெயரை இட்டான். 1917ஆம் ஆண்டில் நடுவண் அரசு அதனை ஏற்றது. மெக்கின்லி அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தவர். அம்மலையை அவர் கண்டதே இல்லை. 1975ஆம் ஆண்டில் அலாசுக்கா மாநிலம் தெனாலி என்னும் பெயரை மீட்டது. நடுவண் அரசு 2015ஆம் ஆண்டில்தான் இணங்கியது. 2025ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆணையொன்றால் மலை மீண்டும் மெக்கின்லி ஆக்கப்பட்டது. பெயர் ஒரு பொருட்டன்று எனின், உலகின் வலிமை மிக்க அரசொன்று பனிமூடிய ஒரு மலையின் பெயருக்காக ஆணை பிறப்பிப்பானேன்? பெயரின் ஆற்றலை ஆள்வோர் நன்கறிவர். ஆளப்படுவோர் மட்டும் அறியாதிருத்தல் வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

மக்கள் பெயரையும் விழுங்கிய மாநிலப்பெயர்

நிலத்தின் பெயர் மாறியதோடு இக்கொடுமை நிற்கவில்லை. வர்சீனியாவின் ஆளுநனாக வந்த ஆங்கிலப் பெருமகன் ஒருவனுக்கு 'தெ லா வார்' என்பது பட்டப்பெயர். பிரெஞ்சு வடிவம் கொண்ட பட்டம் அது. 1610ஆம் ஆண்டில் ஒரு விரிகுடாவிற்கு அவன் பட்டத்தை இட்டனர். விரிகுடாவின் பெயர் அதில் கலக்கும் ஆற்றிற்குச் சென்றது. ஆற்றின் பெயர் நிலத்திற்குச் சென்று இன்று 'தெலவேர்' என்னும் மாநிலமாக நிற்கின்றது. இறுதியில், அவ்வாற்றங்கரையில் வாழ்ந்த இலெனாப்பே மக்களையே ஆங்கிலேயர் 'தெலவேர்கள்' என்று அழைக்கத் தொடங்கினர். 'இலெனாப்பே' என்றால் அவர்கள் மொழியில் 'உண்மையான மக்கள்' என்பது பொருள். உண்மையான மக்கள், முன்பின் அறியாத ஓர் ஆங்கிலப் பெருமகனின் பட்டத்தைத் தம் இனப்பெயராகச் சுமக்க நேர்ந்தது!

அவர்கள் இன்று எங்கே? தலைமுறை தலைமுறையாக மேற்கு நோக்கித் தள்ளப்பட்டு, பெரும்பகுதியினர் நெடுந்தொலைவிலுள்ள ஓக்லகோமாவில் வாழ்கின்றனர். தெலவேர் ஓரிடத்தில், 'தெலவேர்கள்' மற்றோரிடத்தில். பெயர் நிலத்தோடு நின்றுவிட்டது, மக்கள் பெயர்க்கப்பட்டனர். 'பெயர்' என்னும் தமிழ்ச்சொல்லுக்கே இடம்விட்டு நீங்குதல் என்றொரு பொருளும் உண்டு. அப்பொருள் அம்மக்கள் வாழ்வில் உண்மையாயிற்று.

எழுத்துடைய இனத்தின் கண்ணீர்

1732ஆம் ஆண்டில் இரண்டாம் சியார்சு என்னும் ஆங்கில அரசன் பெயரால் எழுந்தது சியார்சியா. அவனோ செருமானிய மண்ணிற் பிறந்தவன். சியார்சு என்னும் பெயர் கிரேக்க மூலமுடையது; நிலத்தில் உழைப்பவன், உழவன் என்பது அதன் பொருள். உழவன் என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய அந்நிலத்திலிருந்துதான் உழுதுண்டு வாழ்ந்த ஓர் இனமே துரத்தப்பட்டது.

அவ்வினம் செரோக்கி. "எழுத்தறியாக் காட்டுமக்கள், அவரை விலக்கிவிட்டு நாகரிகம் நுழைந்தது" என்பது வெள்ளையர் கட்டிய பொய். செக்கோயா என்னும் செரோக்கி அறிஞர் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். அவர் தம் மொழியின் ஒலிகளைத் தாமே பகுத்தாராய்ந்து அசையெழுத்து முறை ஒன்றை ஆக்கினார். 1821ஆம் ஆண்டில் அது மக்களிடம் வந்தது. எழுத்துகள் ஏறத்தாழ 85. மிகச் சில ஆண்டுகளில் செரோக்கி மக்கள் பெருந்திரளாக எழுத்தறிவு பெற்றனர். 1827ஆம் ஆண்டில் தமக்கென அரசியலமைப்பு வகுத்தனர். 1828ஆம் ஆண்டில், இன்றைய சியார்சியாவிலுள்ள தம் தலைநகர் நியூ எக்கோட்டாவிலிருந்து, தம் எழுத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு செய்தித்தாளை அச்சிட்டு வெளியிட்டனர்.

அதே காலத்தில் அவர்கள் நிலத்திற் பொன் கிடைத்தது. 1830ஆம் ஆண்டில் தொல்குடியினரை மேற்கே அகற்றும் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1832ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம், செரோக்கியரின் நிலத்தில் சியார்சியாவின் சட்டம் செல்லாது எனத் தீர்ப்புரைத்தது. தீர்ப்பு ஏட்டோடு நின்றது. 1835ஆம் ஆண்டில் சியார்சியப் படையினர் அச்சுப்பொறியைப் பறித்தனர். 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 16,000 செரோக்கியர் படைவலியால் மேற்கே ஓட்டப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. அவ்வழியை வரலாறு 'கண்ணீர்த் தடம்' என்கின்றது. முதலிற் பெயர் போயிற்று. பிறகு அச்சுப்பொறி போயிற்று. முடிவில் மண் போயிற்று. இவ்வரிசையைத் தமிழர் மறவாதிருத்தல் வேண்டும்.

பெயர் மட்டும் நிற்பது வாழ்வாகுமா?

இனி இரண்டாம் பாடம். "பாதி மாநிலங்கட்குத் தொல்குடிப் பெயர்களே நிலவுகின்றனவே! வெள்ளையர் அப்பெயர்களைப் போற்றிக் காத்தனர் அன்றோ?" என்று கேட்பவர் உண்டு. பெயர் காக்கப்பட்டது உண்மை. பெயர்க்குரியவர் காக்கப்பட்டனரா?

அலபாமா என்பது ஓர் இனத்தின் பெயர். அவ்வினத்தார் மொழி இன்று பேசப்படுவது அலபாமாவில் அன்று. டெக்சாசு மாநிலத்து ஒதுக்கு நிலமொன்றில். கான்சாசு என்பது கான்சா மக்களின் பெயர். அவர்கள் 1873ஆம் ஆண்டில் கான்சாசிலிருந்து இன்றைய ஓக்லகோமாவிற்குப் பெயர்க்கப்பட்டனர். இல்லினாய்சு, மிசௌரி என்னும் பெயர்களை ஈந்த மக்களின் வழிவந்தோரும் ஓக்லகோமாவிலேயே அமைப்புற்று வாழ்கின்றனர். 'இந்தியானா' என்றால் 'இந்தியர் நாடு' என்பது பொருள். இந்தியா சென்றடைந்ததாக எண்ணிய கொலம்பசின் பிழையால் ஒரு கண்டத்து மக்கள் அனைவர்க்கும் ஒட்டிய தவறான பெயர் அது. அத்தவற்றின்மேல் இலத்தீன ஈறு ஒன்றை ஒட்டவைத்தனர். அவ் 'இந்தியர் நாட்டி'லிருந்து 1838ஆம் ஆண்டில் பொட்டவட்டோமி மக்கள் 850க்கு மேற்பட்டோர் துமுக்கி முனையில் கான்சாசுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் 40க்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவருட் பெரும்பாலோர் குழந்தைகள். இந்தியர் நாட்டில் இந்தியர்க்கு இடமில்லை!

விரட்டப்பட்டோர் அனைவரும் சென்று குவிந்த ஓக்லகோமாவின் பெயர் என்ன பொருளுடையது? சோக்தா மொழியில் 'ஓக்லா' என்றால் மக்கள். 'கும்மா' என்றால் செந்நிறம். 1866ஆம் ஆண்டில் சோக்தா தலைவர் ஆலன் இரைட்டு முன்மொழிந்த பெயர் அது. 1905ஆம் ஆண்டில் அந்நிலத்துத் தொல்குடியினர் மசுக்கோகி நகரிற் கூடி, தமக்கெனத் தனி மாநிலம் வேண்டும் என்றும், தம் எழுத்தை ஆக்கிய அறிஞரின் பெயரால் அது 'செக்கோயா' என வழங்க வேண்டும் என்றும் முடிவு செய்தனர், அரசியலமைப்பும் வகுத்தனர். அமெரிக்க நாடாளுமன்றம் அதனை ஏற்கவில்லை. 1907ஆம் ஆண்டில் அந்நிலத்தை வெள்ளையர் பெருகிய பகுதியோடு இணைத்து ஓக்லகோமா மாநிலத்தை அமைத்தது. ஆட்சியோடு கூடிய பெயர் மறுக்கப்பட்டது. ஆட்சியற்ற பெயர் வழங்கப்பட்டது. பெயரைக் கொடுத்து உரிமையை எடுத்துக்கொள்ளும் சூழ்ச்சிக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மொழியை எங்கே அழித்தனர்? பள்ளியில்தான். 1879ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் தொல்குடிப் பிள்ளைகட்கு உண்டுறை பள்ளியொன்று தொடங்கப்பட்டது. பிள்ளைகளின் முடி களையப்பட்டது, உடை மாற்றப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. அங்குச் சென்ற முதல் அணியில் இருந்த இலக்கோட்டா சிறுவன் ஒருவன் பின்னாளில் எழுத்தாளனாகி அப்பள்ளியின் நடப்பைப் பதிவு செய்தான். கரும்பலகையில் பொருள் தெரியாத ஆங்கிலப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒரு கோலைக் கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னார்கள். தொட்ட பெயர் அவனுடையதாயிற்று. அன்று முதல் அவன் 'இலூதர்'. அரசியின் பெயர் ஒரு நாட்டின்மேல் விழுந்ததற்கும், ஆங்கிலப் பெயர் ஒரு சிறுவன்மேல் விழுந்ததற்கும் வேறுபாடு அளவில்தான், வகையில் இல்லை.

அதன் விளைவைக் காண்க. அலாசுக்கா என்னும் பெயர் தொல்குடிச் சொல்லின் வழி வந்ததே. அம்மாநிலத்தின் ஏயாக்கு மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி 2008ஆம் ஆண்டில் காலமானார். அவரோடு அம்மொழியின் பேச்சும் நின்றது. 2014ஆம் ஆண்டில் அலாசுக்கா 20 தொல்குடி மொழிகளை ஆட்சிமொழிகள் எனச் சட்டஞ்செய்தது. அப்பட்டியலில் ஏயாக்கும் இருந்தது. பேச ஆளில்லாத மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி! பட்டம் வந்தபோது பாட்டி இல்லை.

ஆகலின் தெளிக: மொழி அழிந்தபின் நிற்கும் பெயர், கல்லறையின்மேல் நிற்கும் பெயர் போன்றது. கல்லில் எழுத்து அழகாகவே இருக்கும். அதனடியில் உயிர் இராது.

மீட்டவரும் உளர்

இது புலம்பலுக்காகச் சொல்லப்படுவதன்று. மீள்வதற்கு வழி உண்டு என்பதற்கும் அந்நாடே சான்று. 1778ஆம் ஆண்டில் குக்கு என்னும் ஆங்கில மாலுமி அவாய்த் தீவுகட்குச் 'சாண்டுவிச்சுத் தீவுகள்' என ஓர் ஆங்கிலப் பெருமகன் பெயரை இட்டான். அப்பெயர் நிலைக்கவில்லை, அவாய் என்னும் பெயரே வென்றது. ஆனால் 1893ஆம் ஆண்டில் அவாய் அரசு கவிழ்க்கப்பட்டது. 1896ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. 1898ஆம் ஆண்டில் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. பெயர் வென்றும் மொழி தோற்றது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் தாய்மொழி பேசும் குழந்தைகள் அருகிவிட்டனர். அம்மக்கள் விழித்தெழுந்தனர். 1978ஆம் ஆண்டில் அவாய்மொழி ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாயிற்று. 1984ஆம் ஆண்டில் அவாய்மொழியிலேயே நடத்தும் மழலையர் பள்ளியைப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடித் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'குரற்கூடு' எனப் பொருள்படுவது. பள்ளியில் அழிக்கப்பட்டதைப் பள்ளியிலேயே மீட்டனர்.

மாசாசூசெட்சு என்பது 'பெரிய குன்றின் அருகு' என்னும் பொருளுடைய தொல்குடிப் பெயர். அம்மொழி ஒரு நூற்றாண்டுக்கு மேல் எவர் நாவிலும் இல்லாதிருந்தது. ஆயினும் 1663ஆம் ஆண்டில் சான் எலியட்டு அம்மொழியில் அச்சிட்ட விவிலியமும், அம்மக்கள் தம் கையால் எழுதிய ஆவணங்களும் எஞ்சியிருந்தன. 1993ஆம் ஆண்டு முதல் வாம்பனோக்கு இனத்துப் பெண்மணி செசி லிட்டில் டோ பேர்டு, அவ்வேடுகளைக் கொண்டு மொழியை உயிர்ப்பிக்கும் பணியைத் தொடங்கினார். தம் மகளை அம்மொழியிலேயே வளர்த்தார். அறுந்த இழை மீண்டும் ஒரு தாயின் மடியில் முடிச்சிடப்பட்டது. ஏட்டில் மட்டும் எஞ்சிய மொழியை எழுப்ப ஒரு தாயால் இயலுமாயின், பல கோடி நாவில் வாழும் மொழியைக் காக்கத் தமிழர்க்கு இயலாமற் போவது எங்ஙனம்?

தமிழ்நாடு என்னும் பெயர் எதற்கு?

தமிழ்நாட்டின் பெயரும் எளிதில் வந்ததன்று. 'மெட்ராசு' என்று ஆங்கிலேயர் வழங்கிய பெயரையே விடுதலைக்குப் பின்னும் மாநிலம் சுமந்திருந்தது. 'தமிழ்நாடு' எனப் பெயரிடுக என்னும் கோரிக்கையை முதன்மையாக வைத்து விருதுநகரில் உண்ணா நோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956ஆம் ஆண்டு அக்குதோபர்த் திங்களில் உயிர் நீத்தார். 1967ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் சட்டமன்றத்தில் பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேறியது. 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அது நடப்பிற்கு வந்தது. தலைநகரின் பெயர் 1996ஆம் ஆண்டில் எல்லா மொழியிலும் சென்னை ஆயிற்று. இவை வெற்றிகள்; ஐயமில்லை. உயிர் கொடுத்துப் பெற்ற வெற்றியை எவரும் குறைத்துப் பேசுதல் கூடாது.

ஆயினும் அமெரிக்க மாநிலங்கள் கற்பிக்கும் இரண்டாம் பாடத்தை உள்ளத்திற் கொண்டு இந்நிலத்தை நோக்குக. மாநிலம் தமிழ்நாடு; அதன் உயர்நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்றும் 'மெட்ராசு' உயர்நீதிமன்றம். அங்கு வழக்காடுமொழியாகத் தமிழ் வேண்டும் என 2006ஆம் ஆண்டில் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் அது கைகூடவில்லை. பள்ளி தமிழ்நாட்டில், பயிற்றுமொழி ஆங்கிலமாயின் பெற்றோர்க்குப் பெருமை. தெருவிலோ, ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுத் தமிழுக்குத் தொண்டு செய்ததாக எண்ணும் கடைப்பலகைகள். வீட்டிலோ, பொருள் தெரியாத அயற்பெயர் தாங்கிய பிள்ளைகள். கார்லைல் பள்ளியில் கோலைக் கையில் திணித்துப் பெயரைத் தொடச் சொன்னார்கள். இங்கோ எவரும் திணிக்காமலேயே பெற்றோர் தாமாகச் சென்று தொடுகின்றனர். எது இழிவு? வலியவனிடம் பெயரை இழந்தது இழிவா, வலியப் போய்ப் பெயரைக் கொடுத்தது இழிவா?

தமிழ்நாடு என்னும் பெயர் ஒரு நாள் அலபாமாவும் இல்லினாய்சும் போல் ஆகிவிடாது என்பதற்குப் பொறுப்பு எவர்? பெயர்ப்பலகை பொறுப்பாகாது, அரசாணை மட்டும் பொறுப்பாகாது. குழந்தைக்குப் பெயரிடும் தாயும் தந்தையும், வகுப்பில் நிற்கும் ஆசிரியனும், கடை திறக்கும் வணிகனும், வழக்குரைக்கும் வழக்கறிஞனுமே பொறுப்பு. தமிழில் கல்வி, தமிழில் முறைமன்றம், தமிழில் வழிபாடு, தமிழில் வணிகம் என்று நான்கும் அமையுமாயின் தமிழ்நாடு என்பது நாட்டின் பெயராக நிற்கும். அமையாவிடின் அதுவும் ஒரு நாள் கல்லறை எழுத்தாகப் போகும்.

பெயரை மீட்க ஒருவர் உயிர் கொடுத்தார். அப்பெயருக்குள் மொழியை வாழவைக்க எவரும் உயிர் கொடுக்க வேண்டியதில்லை. நாவைக் கொடுத்தால் போதும்.